நாய்களின் குடற்புழுக்கள்: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஒரு மாதக் குட்டி, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது. வயிறு உப்பி, நூல் போன்ற வெள்ளைப் புழுக்களை வாந்தி எடுத்தது. மண்ணையே தொடாத குட்டிக்குப் புழு எப்படி வந்தது?

தாயிடமிருந்துதான் வந்தது. உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளிலும் உறுப்புகளிலும் பல காலம் உறங்கிக் கிடக்கும். சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரங்களில் அவை விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குட்டிகளை அடைந்துவிடுகின்றன. பிறந்த பிறகு பாலிலும் ஓரளவு வரும். தாய்க்கு ஏற்கெனவே பூச்சி மருந்து கொடுத்திருந்தாலும், குடலுக்குள் மட்டும் வேலை செய்யும் மருந்து தசையில் உறங்குபவற்றைத் தொடாது. ஆகவேதான் குட்டிக்கு 2 வார வயதிலேயே முதல் தவணையைத் தொடங்கி, பால் மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுக்கச் சொல்கிறோம். பைரண்டெல் கலந்த திரவ மருந்து இந்த வயதுக்கு ஏற்றது. ஆனால் குட்டியை எடை போட்ட பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதே நாளில் தாய்க்கும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு கிலோ குட்டியின் ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இது பெரும்பாலும் கொக்கிப்புழுவாக இருக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி இரத்தத்தைக் குடிக்கக்கூடியது என்பதால், நூறு புழுக்கள் இருந்தால் 10 மில்லி போய்விடும். இரண்டு கிலோ குட்டியின் உடலில் மொத்தமே 160 முதல் 180 மில்லி இரத்தம்தான் உண்டு. புழு இடம் மாறிக் கடிக்கும்போது பழைய புண்ணிலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இந்த நிலையில் புழுவைக் கொல்வது மட்டும் போதாது. இரத்தம் ஏற்ற வேண்டியும் வரலாம்.

கேள்வி: மாத்திரை கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆசனவாயைச் சுற்றி வெள்ளரி விதை போன்ற துண்டுகள் மீண்டும் நெளிகின்றன. மருந்து போலியா?

மருந்தைச் சந்தேகிக்கும் முன் நாயின் வாலடி உரோமத்தை விலக்கித் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் காண்பவை நாடாப்புழுவின் துண்டுகள். இவற்றிலுள்ள முட்டைகளைத் தெள்ளின் இளம்புழுக்கள் தின்கின்றன, அவை வளர்ந்து தெள்ளாகி நாயைக் கடிக்கும்போது, நாய் அரிப்பில் பல்லால் கடித்து அவற்றை விழுங்கிவிடுகிறது. பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மருந்து குடலில் உள்ள புழுவை அழித்தாலும், தெள்ளு ஒழியாத வீட்டில் இரண்டு, மூன்று வாரங்களில் புதிய புழு வளர்ந்துவிடும். உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தெள்ளையும் உண்ணியையும் ஒன்றென்று நினைத்து மருந்து வாங்குவோர் அதிகம்.

கேள்வி: பூண்டு கொடுத்தால் புழு வெளியேறுமா?

வெளியேறாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த குட்டிக்கு அது கூடுதல் ஆபத்து.

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நாயைத் தள்ளி வைக்க வேண்டுமா?

தேவையில்லை, ஆனால் மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை வெளியே வந்து, தொற்றும் நிலையை அடையக் குறைந்தது இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். விட்டுவிட்டால் அந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தெளிக்கும் கிருமிநாசினிகள் அவற்றை அசைப்பதில்லை. அந்த மண்ணை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் இளம்புழுக்கள் கல்லீரல், நுரையீரல், அரிதாகக் கண் வரை அலைந்து பாதிப்பை உண்டாக்கும்.

கேள்வி: மலப் பரிசோதனையில் முட்டை இல்லை என்றார்கள். இனி மருந்தை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். முட்டையிடும் வயதை எட்டாத புழுக்கள் குடலில் இருக்கலாம். சாட்டைப்புழு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். நாடாப்புழு முட்டைகளோ துண்டுகளுக்குள் அடைபட்டிருப்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் தப்பிவிடும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தைத் தொடருங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குக் கொண்டு வரும்போது, மண் ஒட்டாத மேல்பகுதியை மட்டும் சுத்தமான டப்பாவில் எடுத்து அன்றே கொடுத்துவிடுங்கள். மண்ணோடு அள்ளினால் அதில் வாழும் வேறு புழுக்களும் சேர்ந்து முடிவைக் குழப்பும்.