லாக்கின் வாய் எந்தப் பக்கம்?

கேள்வி: கானாடுகாத்தானில் இருந்து காரைக்குடிக்குத் தினமும் 150 சிசி பைக்கில் போய்வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் செயினை மட்டும் மாற்றினேன். போன வாரம் அதன் லாக் (இணைப்புக் கண்ணியைப் பிடித்து வைக்கும் கிளிப்) கழன்று நடுவழியில் நின்றேன். அங்கிருந்தவர் வேறு லாக் போட்டுக் கொடுத்தார். இப்போது புதுச் செயின் வாங்கியிருக்கிறேன். வீட்டிலேயே மாட்டலாமா? லாக்கின் வாய் முன்பக்கம் என்கிறார் ஒருவர், பின்பக்கம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இருவரும் பாதி பாதியாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்கு முன்பக்கமா பின்பக்கமா என்று பார்க்கக் கூடாது. செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். லாக்கின் மூடிய முனை முன்னே ஓட வேண்டும், பிளந்த வாய் பின்னால் வர வேண்டும். வாய் முன்னே போனால், செயின் கவரிலோ தெறிக்கும் சரளைக் கல்லிலோ ஒரு இடி பட்டாலே லாக் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கழன்றுவிடும்.

செயினின் மேல்வரிசை முன்னோக்கி ஓடுகிறது, கீழ்வரிசை பின்னோக்கி. ஆகவே மேல்வரிசையில் மாட்டினால் மூடிய முனை ஹெட்லைட்டைப் பார்க்கும், கீழ்வரிசையில் மாட்டினால் நம்பர் பிளேட்டைப் பார்க்கும். இது புரியாமல் நானும் ஒருமுறை கீழ்வரிசையில் "முன்பக்கம்" பார்த்து மாட்டிவிட்டு, தேவகோட்டைச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். மாட்டியபின் நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். மூடிய முனை முதலில் போனால் சரி. எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம், விரல் போய்விடும்.

வீட்டில் மாட்டலாம். ஆனால் செயின் மட்டும் போதாது. பழைய செயின் தேய்ந்து நீளும்போது பல்சக்கரமும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். பற்கள் அரிவாள் மூக்குபோல ஒருபக்கம் வளைந்திருந்தால், சுமை சில பற்களிலேயே விழுந்து புதுச் செயின் சீக்கிரம் கெடும். முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளோடு (பல்சக்கரங்கள்) செட்டாக வாங்குங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளைப் பழைய செயினைக் கழற்றுவதற்கு முன்பே, கியரில் போட்டுப் பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு தளர்த்திவிடுங்கள். செயின் போனபின் அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் படாதபாடு படவேண்டும்.

செயினில் 428 என்று இருந்தால், முதல் எண் 4 என்பது எட்டில் நான்கு அங்குலம். அதாவது ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 12.7 மி.மீ. பழையதோடு நீளம் ஒப்பிடாதீர்கள், அது நீண்டிருக்கும். கண்ணிகளை எண்ணுங்கள்; லாக் கண்ணியையும் சேர்த்து எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்.

முகப்பில் வேலை செய்வதானால் முதலில் சாக்கு விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் கிரீஸ் பட்டால் அப்பத்தாவுக்குப் பதில் சொல்லி மாளாது. ஆக்ஸில் நட்டைத் தளர்த்திப் பின்சக்கரத்தை முன்னே தள்ளிவிட்டு, செயினின் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் உட்கார வையுங்கள். பல்லே பிடித்துக்கொள்ளும். லாக் கண்ணியைச் சக்கரத்தின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நுழைத்து, தகட்டைப் போட்டு, கிளிப்பை ஊசிகளின் காடியில் வையுங்கள். கொறட்டின் ஒரு தாடை மூடிய முனையிலும், மறு தாடை வாய்ப்பக்க ஊசியிலும் இருக்க, அழுத்தினால் 'டிக்'கென்று உட்காரும். கிளிப்பை விரித்துப் பொருத்தினால் அதன் விறைப்பு போய்விடும். ஒருமுறை கழற்றியதை மறுபடி பயன்படுத்துவதும் தப்பு. ரப்பர் வளையம் உள்ள செயின் என்றால் நான்கு வளையங்களையும் கிரீஸ் தடவிப் போடுங்கள். ரிவிட் அடிக்கும் வகையானால் அதற்கான கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், சுத்தியல் வேண்டாம்.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் இடம்: தொய்வு. ஸ்டாண்டில் நிற்கும்போது சற்றுத் தளர்வாகத்தான் தெரிய வேண்டும். ஆள் ஏறிப் பின்சக்கரம் மேலே எழும்போது, ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அசையும் மூட்டு, முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில் செயின் மிக இறுகும். அதற்கு இடம் விடாமல் 'டைட்'டாக வைத்தால் செயினோடு கியர்பாக்ஸ் பேரிங்கும் கெடும். இந்த வகை வண்டிகளில் கீழ்வரிசையின் நடுவில் 25 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டு அளவே முடிவு. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளந்து பாருங்கள். சக்கரத்தை நகர்த்தும் இருபக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒன்றாக இருக்கட்டும். சக்கரத்தை நகர்த்தியதால் பின்பிரேக் டிரம் வகையானால் மிதியின் ஆட்டமும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள்.

உங்கள் ஊர்ச் செம்மண் தூள் எண்ணெயோடு குழைந்தால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்து, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கம் விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். பெட்ரோல் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். புதுச் செயின் முதல் 500 கி.மீ.க்குள் சற்று நீளும். அப்போது மறுபடி தொய்வு பாருங்கள்.

கடையில் கூடுதலாக ஒரு லாக்கும் வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். 428-க்கும் 428எச்-க்கும் தகட்டின் தடிமன் வேறு, லாக்கின் ஊசி நீளமும் வேறு. போன வாரம் வழியில் போட்டுக் கொடுத்த லாக் எந்த வகை என்று தெரியாததால், புதுச் செயின் ஏறும்வரை காரைக்குடிக்குப் பஸ்ஸிலேயே போய்வாருங்கள்.