டூல் அண்ட் டை படிக்கும் பையன் கார் துறைக்குப் போக முடியுமா?

அம்மா, பையனுக்குக் கார் என்றால் உயிர், கிடைத்ததோ டூல் அண்ட் டை (பாகங்கள் செய்யத் தேவையான கருவிகளையும் அச்சுகளையும் உருவாக்கும் தொழில்) டிப்ளமோ, கடைசிவரை லேத் முன்னாலேயே நின்றுவிடுவானோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நிற்கட்டும். கார் துறையின் அடிவாரமே அதுதான்.

அமெரிக்கர் ஹென்றி லேலண்டைப் பற்றிச் சொல்கிறேன். (அசோக் லேலண்டில் வருவது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்; இவர் வேறு.) 1843-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர், பொறியியல் பட்டம் கிடையாது. உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்புறம் அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப்பில் பல வருடங்கள். இம்மி பிசகாமல் உலோகத்தைக் கடைவதுதான் அவர் கற்ற தொழில். அதை வைத்துத்தான் 1902-இல், 59 வயதில், கேடிலாக் கார் நிறுவனத்தை உருவாக்கினார்.

அந்தக் காலத்தில் காரின் ஒவ்வொரு பாகத்தையும் ஃபிட்டர் அரத்தால் ராவித்தான் பொருத்துவார். ஒரு காரின் பாகம் இன்னொன்றில் உட்காராது. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மூன்று கேடிலாக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். ஒவ்வொன்றிலும் 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்து, அதில் 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரிடம் இருந்த உதிரிப் பாகங்களைச் சேர்த்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டுமே அனுமதி, அரம் கூடாது. திரும்பப் பூட்டிய மூன்று கார்களும் 500 மைல் ஓடின! மோட்டார் துறைச் சாதனைக்கான டீவார் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது. டூல் ரூமில், அதாவது கருவி செய்யும் பட்டறையில், பழகிய கையின் வெற்றி அது.

ஆனால் ஒன்று. பின்னால் அவர் தொடங்கிய லிங்கன் நிறுவனம் அருமையான கார் செய்தும் கடனில் மூழ்கி, 1922-இல் ஃபோர்டு கைக்குப் போனது. அதனால் பையன் செலவுக் கணக்கு (காஸ்டிங்), மதிப்பீடு (எஸ்டிமேஷன்) பாடங்களையும் அலட்சியம் செய்யக் கூடாது.

சேர்ப்பதற்கு முன்னால் கல்லூரிப் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். மைக்ரோமீட்டர், டயல் கேஜ் போன்ற அளவுக் கருவிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, மாணவர்கள் கையில் இருக்கின்றனவா? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) தனியாக ஓட்ட விடுவார்களா? இதையெல்லாம் ஆசிரியரிடம் கேட்பதைவிட இறுதியாண்டு மாணவரிடம் கேளுங்கள். பி.இ. ஆசை இருந்தால், டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம்.