குருக்கள் நல்ல பேச்சாளராக இருந்தால் கோயிலுக்குச் சனம் வருமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அம்மன் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளர் நான். திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆக்கள் வந்து நிறைகிறார்கள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் பத்துப் பேர்கூட இல்லை. பழைய குருக்கள் விலகுகிறார். இளைஞரைக் கவரும் நல்ல பேச்சாளர் ஒருவரைத் தேடுவோம் என்கிறார்கள் சபையில். சரியா?

பதில்: பேச்சை முதல் தகுதியாக வைக்காதீர்கள். நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கினார். அவர் அங்கே பூசை செய்தவர் அல்லர். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கும் புகலிடமாக்கிய தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) ஓர் ஆசிரியை. ஆக, பிரசங்கத்தையும் சமூகப் பணியையும் ஊரிலுள்ள ஆசிரியர்களும் இளைஞர்களும் செய்யலாம். எல்லாவற்றையும் குருக்களின் தலையில் கட்டினால் அவரும் களைத்துப் போவார், கோயிலும் அவர் ஒருவரையே நம்பி நிற்கும்.

அப்படியென்றால் அவரிடம் எதைப் பார்ப்பது? ஆக்களை நினைவில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். நான் கண்ட ஒரு குருக்கள் மெல்லப் பேசுபவர், கூச்ச சுபாவம். ஆனால் அர்ச்சனைத் தட்டை வாங்கும்போதே பெயரையும் நட்சத்திரத்தையும் அவரே சொல்வார். விபூதி கொடுக்கும்போது, "மகளின்ர சோதினை முடிஞ்சுதோ?" என்று கேட்பார். அந்தத் தாய் அடுத்த வெள்ளி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கலகலப்பான ஆளாக இருக்கவேண்டும் என்றில்லை, அக்கறை இருந்தால் போதும்.

இரண்டாவது, விட்டுக்கொடுக்கும் மனம். ஒரு பிள்ளை பஞ்சபுராணம் பாடும்போது பிழைவிட்டால் எல்லார் முன்னாலும் அதட்டுபவரா, பிறகு கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பவரா? முன்னவர் எவ்வளவு படித்தவரானாலும் வேண்டாம் என்பேன்.

இதை நேர்முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. அவர் இப்போது பூசை செய்யும் கோயிலுக்கு ஒரு வெள்ளி மாலை சும்மா போங்கள். பூசை முடிந்து அரை மணி நேரம் ஒரு தூணோரம் இருங்கள். யார் அவரிடம் பேச வருகிறார்கள், பூக்கட்டும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

இன்னொன்று, சம்பளம். மூன்று கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடிப் பூசை செய்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் உள்ளவர், பூசை முடிந்ததும் நின்று பேச முடியாது. ஆளைத் தேடுமுன் அதைச் சபையில் பேசி முடியுங்கள்.