35 டிகிரிக்குப் பக்கத்தில் திரவப் படிகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 5சிபி என்ற திரவப் படிகத்தை (திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் பொருள்) இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நிரப்பிய செல்லைச் சூடாக்கினால், மூலக்கூறுகள் திரும்பத் தொடங்கும் வோல்டேஜ் குறைந்துகொண்டே வருகிறது. செல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. மூலக்கூறுகளைத் திருப்பப் பார்ப்பது மின்புலம், விடாமல் பிடித்து வைப்பது மீள்தன்மை, அதாவது திசை வளைந்தால் பழையபடி திரும்பப் பார்க்கும் குணம். வெப்பத்தில் ஒழுங்கு (மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்கும் அளவு) குறையும்போது மின்புலத்தின் பிடி அதே விகிதத்தில் தளர்கிறது, மீள்தன்மையோ ஏறக்குறைய ஒழுங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இன்னும் வேகமாகத் தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் வோல்டேஜ் இறங்குகிறது. ஆனால் பூஜ்யத்தைத் தொடாது, ஒழுங்கு ஓரளவு மிச்சம் இருக்கும்போதே 35 டிகிரி வாக்கில் சட்டென்று உருகிச் சாதாரணத் திரவமாகிவிடும்.

கேள்வி: 35-ஐத் தாண்டிவிட்டால் மின்புலத்துக்கு வேலை இல்லைதானே? செல்லைக் குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒளியை ஒரே திசை அதிர்வுக்கு வடிகட்டும் தகடுகள்) நடுவே வைத்து 20 வோல்ட் கொடுத்தும் இருட்டாகவே இருக்கிறது.

பதில்: வேலை இருக்கிறது, அதுவும் இங்கேதான் மிக அழகான வேலை. உங்கள் செல்லில் மின்புலம் ஒளி போகும் திசையிலேயே இருக்கிறது, அதாவது மூலக்கூறுகள் கொஞ்சம் ஒழுங்குபட்டாலும் உங்கள் கண்ணை நோக்கித்தான் நிற்கும், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எதுவும் மாறாதது போலவே தெரியும். ஒரே கண்ணாடியில் இரண்டு மின்முனைப் பட்டைகளை அருகருகே வைத்து, போலரைசர்களுக்கு 45 டிகிரி சாய்வாகத் திருப்பி, இன்னும் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள். இடைவெளியில் மங்கலாக ஒரு வெளிச்சம் வரும். கெர் விளைவு அதுதான், மின்புலம் திரவத்தின் ஒளியியல் குணத்தைத் திசைக்குத் திசை வேறாக்குவது. 40 டிகிரியில் இருப்பதைவிட 36-இல் சுமார் மூன்று மடங்கு பலமாக இருக்கும், ஏனென்றால் நிலைமாற்றத்தை நெருங்கும்போது மூலக்கூறுகள் சின்னச் சின்னக் கூட்டங்களாகத் தாமாகவே ஒரே திசைக்குச் சேரப் பார்க்கின்றன, மின்புலம் லேசாகத் தள்ளினாலே போதும். கெர் மாறிலியின் (அந்த விளைவின் பலத்தைச் சொல்லும் எண்) தலைகீழியை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதை நீட்டினால் உண்மையான நிலைமாற்றத்துக்குச் சுமார் 1 டிகிரி கீழே போய்ப் பூஜ்யத்தைத் தொடும். அப்புறம் ஒன்று, இந்த இடத்தில் பதில் பலமாவதோடு மெதுவாகவும் ஆகும், அவசரப்பட்டு அளக்காதீர்கள். விளக்கின் சூடே வெப்பநிலையை நகர்த்திவிடும், 0.1 டிகிரிக்குள் பிடித்து வைக்க முடியாவிட்டால் இந்தச் சோதனையே வேண்டாம்.

கேள்வி: பேட்டரியில் நேராக இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். அயனிகள் மின்முனைகளில் போய்க் குவிந்து மின்புலத்தை மறைத்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் மாறுதிசை வோல்டேஜ் கொடுங்கள்.

கேள்வி: 8சிபி என்ற இன்னொரு திரவப் படிகத்தை 33.5 டிகிரியை நோக்கிக் குளிர்வித்தால் விறைத்துப்போவது போல் இருக்கிறதே?

பதில்: சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அந்த வெப்பநிலைக்குக் கீழே, மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் ஸ்மெக்டிக் நிலை காத்திருக்கிறது, அடுக்குகள் இப்போதே ஆங்காங்கே உருவாகி மறைகின்றன, அடுக்கு இருக்கும் இடத்தில் மூலக்கூறுகளின் திசை வளைய முடியாது. திரும்பத் தொடங்கும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, ஆனால் அதற்கு மேல் முழுதாகத் திருப்ப நிறையக் கூட்ட வேண்டியிருக்கும். தொடக்க வோல்டேஜை மட்டும் குறித்து வைத்தால் இது கண்ணில் படாமலே போய்விடும், முழு வளைவையும் எடுங்கள்.