காமன் கூத்தில் மன்மதனை ஏன் எரிக்கிறார்கள்?

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடும் காமன் கூத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? கதை பழையதுதான். தவத்தைக் கலைக்க அம்பு எய்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ரதி அழுது மன்றாட, உயிர் திரும்புகிறது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த கூத்து இது. பெரிய மேடையெல்லாம் வேண்டாம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பக்கத்துத் திடலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அப்புறம் தப்பு மேளம் முழங்க இரவெல்லாம் ஆட்டம். ரதி வேடமும் வழக்கமாக ஆண்தான் கட்டுவார். பகலில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த அதே கை!

என்னைக் கேட்டால், எரிக்கும் காட்சியைவிட ரதியின் ஒப்பாரிதான் இந்தக் கூத்தின் உயிர். கணவனைப் பறிகொடுத்தவளின் புலம்பல் தேவலோகத்துப் பாட்டாக ஒலிக்காது. லயத்து இழவு வீட்டில் கேட்கும் அழுகை மாதிரியே இருக்கும்.