சிகரெட்டை விடுவதற்கு எழுதித் தந்த மாத்திரை குடியையும் குறைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறார். இப்போது தினமும் அரைப் பாட்டில் பிராந்தியும் ஒன்றரைப் பாக்கெட் சிகரெட்டும் ஆகிறது. சிகரெட்டை விடுவதற்காக மருத்துவர் வரெனிக்லின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் குடியின் அளவும் குறைந்திருப்பதுபோல் தெரிகிறது. குடியை நிறுத்தவும் இதையே தொடரலாமா? குடித்த நாளில் மாத்திரையைக் கொடுக்கலாமா? காலையில் அவருக்குக் கை நடுங்குகிறது.

பதில்: நீங்கள் கவனித்தது வெறும் பிரமையாக இருக்க வேண்டியதில்லை. புகையிலையிலுள்ள நிகோட்டின் மூளையில் எந்த ஏற்பிகளில் (நரம்புச் செல்கள் சேதி வாங்கும் இடங்களில்) போய் அமர்கிறதோ அதே ஏற்பிகளில் வரெனிக்லினும் அமர்ந்து, அவற்றை அரைகுறையாக மட்டும் தூண்டுகிறது. அதனால் புகைக்கும் தவிப்பும் தணிகிறது, புகைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. மது தருகிற கிளர்ச்சியிலும் இந்த ஏற்பிகளுக்கு ஒரு பங்கு இருப்பதால்தான், 2006-இல் அமெரிக்காவில் புகையை விடுவதற்காக அனுமதி பெற்ற இந்த மருந்தைக் குடிநோய்க்கும் சோதித்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 200 பேர் 13 வாரம் பங்கேற்றார்கள். மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களிடம் நூற்றுக்குச் சுமார் 48 ஆக இருக்க, வரெனிக்லின் உண்டவர்களிடம் சுமார் 38 ஆக இருந்தன. புகைக்காதவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஸ்வீடனில் 160 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளே சொன்ன குடிக்கணக்கில் வித்தியாசம் எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனையில்தான் குறைவு தெரிந்தது. (குடிக்கிறவர் சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்கே தெரியும்.) ஆகவே அளவைக் குறைக்க ஓரளவு உதவுகிற மருந்து என்று சொல்லலாம்; அடியோடு நிறுத்திவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். குடிநோய்க்கென்று இதற்கு அனுமதியும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். காலையில் நடுங்கும் கை, இரவில் உள்ளே போன மது இறங்கியதும் உடல் அடுத்ததைக் கேட்கிறது என்பதற்கான அடையாளம். இந்த நிலையில் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றலும் வரக்கூடும். உயிரே போகவும் வாய்ப்புண்டு. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை நிறுத்தியவர்கள், விரதத்தின் மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியபடி மருத்துவமனைக்கு வந்து சேர்வதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வரெனிக்லின் இதைத் தடுக்காது. போதாக்குறைக்கு, அரிதாக அதுவே வலிப்பை உண்டாக்கியதும் உண்டு. மது நிறுத்தத்தைத் தாங்க டயஸெபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். அவருக்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள்.

குடித்த நாளில் மாத்திரை கொடுப்பதைப் பற்றி: குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைப் போல இது மதுவோடு சேர்ந்து முகம் சிவந்து வாந்தி எடுக்க வைக்கும் மருந்து அல்ல. என்றாலும், வரெனிக்லின் உண்டவர்களில் சிலருக்குக் குறைந்த மதுவிலேயே போதை மிகுந்து, மூர்க்கமாக நடந்துகொண்டு, நடந்தது எதுவுமே நினைவில் இல்லாமல் போனதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. வழக்கத்தில் பாதிதான் குடித்தேன் என்று அவர் பைக் சாவியை எடுத்தால் விடாதீர்கள். குணத்தில் திடீர் மாற்றம் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். இந்த மருந்து தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகிறது என்ற பழைய அச்சம், எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2016-இல் வெளிவந்த பிறகு வெகுவாகத் தணிந்தது; அந்த ஆண்டே அமெரிக்காவில் மருந்து அட்டையிலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையும் (மருந்துக்குத் தரும் மிகக் கடுமையான எச்சரிக்கை) நீக்கப்பட்டது.

மற்றபடி குமட்டல்தான் பெரிய தொல்லை. வெறும் வயிற்றில் வேண்டாம். இட்லியோ சோறோ சாப்பிட்டபின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கட்டும். கனவுகள் தொந்தரவு செய்தால் இரவு மாத்திரையைச் சற்று முன்னதாகத் தரலாமா என்று கேளுங்கள். மருந்து பெரும்பாலும் உருமாறாமல் சிறுநீர் வழியே வெளியேறுவதால் ஈரலுக்குச் சுமை குறைவு. ஆனால் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும்.

எனவே சிகரெட்டுக்காக எழுதித் தந்ததை அதே அளவில் தொடரட்டும், நீங்களாகக் கூட்ட வேண்டாம். குடிக்கு முதல் தேர்வு நால்ட்ரெக்சோனோ அகாம்ப்ரோசேட்டோதான். எது என்பதை ஈரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள்தான் சொல்லும். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டையையும், எந்தெந்த நாள் எவ்வளவு குடித்தார் என்று நாள்காட்டித் தாளில் குறித்ததையும் கையோடு கொண்டுபோங்கள்; கை நடுக்கத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.