பணிக்கர் சொன்ன சேதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியப் போர் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்கா உள்ளே வந்ததையும் சீனா உள்ளே வந்ததையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். அமெரிக்கா வராவிட்டால் தென்கொரியா என்ற நாடே இன்று இருக்காது. கையில் சாம்சங் போனை வைத்துக்கொண்டு 'அந்நியத் தலையீடு' என்று திட்டுவது சரியா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததே சாம்சங் போனில்தான், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடு பதில் எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்கா வந்தது ஒரு முடிவு என்று நினைக்கிறீர்கள். நான் பார்க்கிறவரை அவை இரண்டு முடிவுகள். 1950 ஜூன் 25 அன்று வடகொரியா டாங்கிகளோடு, இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது அட்சரேகையைத் தாண்டி வந்தது, மூன்றே நாளில் சியோல் விழுந்தது. தெற்குதான் முதலில் ஆரம்பித்தது என்று இடதுசாரி நண்பர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களில் சோவியத் ஆவணங்கள் வெளிவந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் திரும்பத் திரும்பக் கேட்டு, 1950 தொடக்கத்தில் ஸ்டாலின் தலையாட்டினார். அப்போது சோவியத் பிரதிநிதி சீனாவின் இருக்கையைக் கம்யூனிஸ்ட் அரசுக்குத் தரவில்லை என்று ஐ.நா. பாதுகாப்பு சபையைப் புறக்கணித்துக்கொண்டிருந்ததால் வீட்டோ போட ஆளில்லை, தெற்குக்கு உதவும் தீர்மானம் நிறைவேறியது, 16 நாடுகள் சண்டைக்குப் படை அனுப்பின. அது சரியா என்றால் சரி என்றுதான் சொல்வேன், ஒரு தயக்கத்தோடு. ஏனென்றால் அந்த எல்லைக்கோட்டையே 1945 ஆகஸ்டில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு கொரியனையும் கேட்காமல் பத்திரிகை ஒன்றின் வரைபடத்தை வைத்துப் போட்டார்கள். தெற்கில் அதிபர் சிங்மன் ரீ நடத்தியதும் ஒன்றும் மக்களாட்சி இல்லை, 1948-49இல் ஜேஜு தீவில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள்.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்கத் தளபதி மக்கார்தர் சியோலுக்குப் பக்கத்திலுள்ள இஞ்சோனில் படையை இறக்கினார். மாதக் கடைசிக்குள் வடக்கின் ராணுவம் சிதறிவிட்டது, சியோல் திரும்பக் கிடைத்தது. வந்த வேலை முடிந்தது. என் சண்டையெல்லாம் இதற்கு அப்புறம் நடந்ததோடுதான்.

அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டி பெய்ஜிங்கில் நம் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பிக் கூப்பிட்டு, அமெரிக்கப் படை 38ஐத் தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்று சீனப் பிரதமர் சூ என்லாய் சொன்னார். பணிக்கர் தில்லிக்குச் சொல்ல, சேதி வாஷிங்டனுக்குப் போனது. அங்கே வெளியுறவுச் செயலர் அச்செசன் அதைப் பயந்துபோன பணிக்கரின் உளறல் என்று தள்ளிவிட்டார். பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர் என்ற பெயர் அவருக்கு ஏற்கெனவே உண்டு, அதனால் சேதியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்கள். படை தாண்டியது, நான் சொன்ன இரண்டாவது முடிவு இதுதான். சீனர்கள் வரமாட்டார்கள் என்று அக்டோபர் 15 அன்று வேக் தீவில் மக்கார்தர் அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் சொல்கிறார்; நான்கு நாள் கழித்து சீனத் தளபதி பெங் தெஹுவாயின் படை, 'தன்னார்வலர்கள்' என்ற பெயரில், இருட்டோடு இருட்டாக எல்லையிலுள்ள யாலு நதியைக் கடக்கிறது. ஜனவரியில் சியோல் மறுபடி விழுந்தது, மார்ச்சில் மறுபடி மீட்டார்கள். 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியும் சண்டை நிற்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. 1953 ஜூலை 27 அன்று கோடு எங்கே நின்றது? கிட்டத்தட்ட பழைய இடத்தில்.

சாம்சங் வாதத்துக்கு வருகிறேன். போர் முடிந்தபோது தென்கொரியா உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. அப்புறம் ராணுவ ஆட்சி. 1987இல் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் திரும்ப வந்தது. அதற்கான பாராட்டை 1950இல் வந்து இறங்கிய படைக்குக் கொடுப்பது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம். விளைவை வைத்துத்தான் தீர்ப்பு என்றால் கொரியாவில், முக்கியமாக வடக்கில், போட்ட 6 லட்சம் டன்னுக்கும் மேலான குண்டுகளையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் முழுவதும் அமெரிக்கா போட்டதைவிட அது அதிகம். கிம் குடும்பம் இன்றுவரை அதைச் சொல்லித்தான் பிழைக்கிறது.

நேரு சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பினார். அதன் தலைவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், பெயரிலேயே ஊர் இருக்கிறது. 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கி ஓடியபோது, மருத்துவச் சாமான்களை விட்டுவர மனமில்லாமல், கிடைத்த ஒரு பழைய நீராவி இன்ஜினைத் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். அவர்களைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

போர் நின்றபின் ஊர் திரும்ப மறுத்த கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இந்தியாவுக்கே வந்தது, ஜெனரல் திம்மய்யா தலைமையில். இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சிங்மன் ரீ அடம்பிடித்ததால், அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கைதிகளில் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் தைவானும் வேண்டாம் என்றார்கள். 1954 பிப்ரவரியில் அவர்களை ஏற்றிவந்த கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தது. கொஞ்ச காலம் தில்லியில் இருந்துவிட்டு, அவர்களில் நிறையப் பேர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள்.